புலி யாருடையது? பள்ளிக்கூடச் சின்னங்கள் பற்றிச் சில குறிப்புகள்

என் அக்கா மகள் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். தை மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் தெர்மாகோல் அட்டையும் கத்தரிக்கோலுமாக வந்து நின்றாள். விளையாட்டு விழா அணிவகுப்பில் அவளுடைய 'ஹவுஸ்' தூக்கிக்கொண்டு போக ஒரு மீன் வெட்ட வேண்டும். அந்தச் சின்னத்தின் வரலாற்றைப் பத்து வரியில் எழுத வேண்டும். பாண்டியர் ஹவுஸ், பச்சை நிறம். "நீங்கதான் தமிழ் எம்.ஏ. ஆச்சே மாமா" என்றாள். மீனை வெட்டிக் கொடுத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். "எங்க கிளாஸ்ல ஒரு பையன் சோழர் ஹவுசு மாமா. சோழருன்னா எங்க ஆளுங்கதான், புலி எங்களுது, உங்களுக்கு இன்னா இருக்குதுன்னு கேக்கறான். நாம யாரு மாமா, பாண்டியரா?"

பத்து வரியில் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பையனின் கேள்வி தப்பானதும் அல்ல. ஒரு குழந்தையின் கையில் புலியைக் கொடுத்துவிட்டு 'இது சும்மா விளையாட்டுக்கு' என்று சொல்கிறவர்கள்தான் தப்பாகச் சொல்கிறார்கள். சின்னங்கள் சும்மா இருப்பதில்லை.

முதலில் 'ஹவுஸ்'. இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் பையன்கள் நிஜமாகவே தனித்தனி வீடுகளில் தங்கினார்கள். சாப்பாடு, படுக்கை, தண்டனை எல்லாம் அந்த வீட்டுக்குள். வீட்டுக்கும் வீட்டுக்கும் போட்டி. பின்னாளில் சாம்ராஜ்ஜியத்தை நிர்வகிக்கப் போகிறவர்களுக்கு விசுவாசத்தைப் பழக்கிய கூடம் அது. நமக்கு வந்து சேர்ந்தது வீடில்லாத வீடு. நாலேகால் மணிக்கு மணி அடித்ததும் சோழரும் பாண்டியரும் அவரவர் தெருவுக்குப் போகிறார்கள். சிலர் ஊருக்கு, சிலர் காலனிக்கு. பள்ளிக்கூடம் ஒதுக்கிய வீடு பகல் நேரத்து வீடு. பிறப்பு ஒதுக்கிய வீடு இருபத்துநாலு மணி நேரத்துக்கும் ஆனது. இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நடக்கிற இழுபறிதான் நம் பொருள்.

விலங்குகள் வந்த வழி இன்னும் வேடிக்கை. பேடன் பவல் 1907இல் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் சாரணர் முகாமில் அணிகளுக்கு ஓநாய், காளை, அண்டங்காக்கை என்றெல்லாம் பெயர் வைத்தார். 1916இல் சின்னப் பையன்களுக்கான பிரிவு வந்தபோது கிப்ளிங்கின் 1894ஆம் வருடத்துக் காட்டுக் கதைகளிலிருந்து ஓநாய்க் கூட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அது மத்திய இந்தியாவின் சியோனி காட்டு ஓநாய். அது லண்டனுக்குப் போய்க் காக்கி உடுத்தி, 'குருளையர்' என்று தமிழ்ப் பெயர் பூண்டு நம் பள்ளி மைதானத்துக்குத் திரும்பி வந்தது. காலனியம் எடுத்துக்கொண்டு போன பொருள்களில் திருப்பிக் கொடுத்தது இதுபோல் கொஞ்சந்தான்.

சில பள்ளிகளில் காந்தி, நேரு, தாகூர், போஸ். சில பள்ளிகளில் சேரர், சோழர், பாண்டியர், பல்லவர். இரண்டாவது வரிசைதான் நம்மை இழுக்கிறது. இலக்கிய மரபில் வேந்தர் மூவர். ஆனால் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் நாலு. நாலாவது நிறத்துக்கு ஒரு ராஜா தேவைப்பட்டதால்தான் பல்லவர் உள்ளே வந்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. (ஆதாரம் கேட்காதீர்கள்.) அரசும் இதே நால்வரைத்தான் கைக்கொண்டது. 1972இல் பேருந்துகள் அரசுடைமையானபோது சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று கழகங்கள் பிறந்தன. பாடப்புத்தகம், பேருந்து, விளையாட்டு மைதானம் மூன்றிலும் ஒரே நால்வர். ஒரு தலைமுறையே 'தமிழர் வரலாறு' என்பதை இந்த நாலு பெயராக மனப்பாடம் செய்தது.

திருவண்ணாமலைப் பள்ளியில் இந்த நால்வரும் எப்படிப் பொருந்துகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மலைபடுகடாம் பாடிய நன்னன் செங்கத்துக்காரன். அவனுக்கு ஹவுஸ் இல்லை. படைவீட்டிலிருந்து ஆண்ட சம்புவராயருக்கு இல்லை. வல்லாள மகாராஜன் என்று கோயில் கோபுரத்துக்கே பெயராகிப்போன ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்கும் இல்லை. வல்லாளன் கதை தனியாக எழுதவேண்டிய ஒன்று. டெல்லிப் படைகளால் துவாரசமுத்திரம் சீரழிந்த காலத்தில் திருவண்ணாமலையை இருப்பிடமாக வைத்திருந்தான். 1342இல் மதுரை சுல்தானோடு போரிட்டுப் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததை இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். பிள்ளையில்லாத அந்த ராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று வருஷா வருஷம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். சாமியே கொள்ளி போட்ட ராஜா. ஆனாலும் கன்னட ராஜா, தோற்ற ராஜா. தோற்றவனை மைதானத்தில் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்?

அதிர்ஷ்டத்துக்காக வைத்துக்கொள்வதை 'மஸ்காட்' என்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் தெற்குப் பிரெஞ்சு வழக்கில் சூனியக்காரியைக் குறிக்கும் சொல். ஓட்ரான் என்பவர் இசையமைத்து 1880இல் பாரிஸில் அரங்கேறிய இசை நாடகம் ஒன்றின் மூலம்தான் அது உலகமெங்கும் பரவியது. கதைப்படி மஸ்காட் என்பது விலங்கல்ல, வான்கோழி மேய்க்கிற ஒரு பெண். அவள் இருக்கிற வீட்டுக்கு யோகம். ஆனால் கன்னியாக இருக்கும்வரைதான். ஆக, தொடக்கத்திலேயே மஸ்காட் என்பது பிறர் நன்மைக்காகக் காவலில் வைக்கப்பட்ட ஓர் உடல். 1982 டெல்லி ஆசிய விளையாட்டின் அப்பு யானையிலிருந்து, 2022இல் மாமல்லபுரம் சதுரங்க ஒலிம்பியாடில் வேட்டி சட்டையோடு கும்பிட்டு நின்ற 'தம்பி' குதிரை, 2023 ஹாக்கிப் போட்டிக்கு வந்த 'பொம்மன்' யானை, 2024 கேலோ இந்தியாவுக்கு வேலு நாச்சியாரை வைத்துச் செய்த 'வீரமங்கை' வரை எல்லாம் சந்தோஷமாகச் சிரிக்கின்றன. சிரிப்பது அவற்றின் வேலை.

நம் ஆய்வுத் தமிழில் இதற்கு நெருக்கமாக ஒரு சொல் இருக்கிறது: குலக்குறி. துர்க்கைம் 1912இல் சொன்னதன் சாரம், கூட்டம் தன்னைத்தானே கும்பிட்டுக்கொள்ள ஒரு விலங்கைக் கண்ணாடியாக நிறுத்துகிறது என்பது. லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் அதைத் திருப்பிப் போட்டார். ஒரு கூட்டத்துக்கும் ஒரு விலங்குக்கும் உள்ள உறவு முக்கியமில்லை. கூட்டங்களுக்கு இடையிலான வேற்றுமையை விலங்குகளுக்கு இடையிலான வேற்றுமையைக் கொண்டு சிந்திக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். புலி என்பதற்குத் தனியே பொருள் இல்லை, மீன் அல்ல என்பதுதான் பொருள். இது படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரால்ஃப் லிண்டன் 1924இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையை நான் இதற்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். முதல் உலகப்போரில் அமெரிக்காவின் 42ஆவது படைப்பிரிவுக்குப் பல மாநிலத்து ஆட்கள் சேர்ந்ததால் 'வானவில்' என்று சும்மா ஒரு பெயர் வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் யார் நீ என்று கேட்டால் சிப்பாய் தன்னை வானவில் என்றே சொல்லத் தொடங்கிவிட்டான். வானத்தில் வானவில் தெரிந்தால் நல்ல சகுனம். தெரிய வழியில்லாத நாளிலும் பார்த்ததாகச் சொன்னார்கள். வெறும் பெயர் இரத்தத்தில் கலக்க ஆயிரம் வருஷம் வேண்டாம், ஓரிரு வருஷம் போதும். அல்தூசர் பள்ளிக்கூடத்தைக் கருத்தியல் அரசு எந்திரங்களில் தலையாயது என்றது இதனால்தான். 'ஏய் பாண்டியர் ஹவுஸ்' என்று மைக்கில் கூப்பிட்டதும் ஒரு குழந்தை திரும்புகிறதே, அந்தத் திரும்பலில் ஒரு தன்னிலை உருவாகிவிடுகிறது.

அமெரிக்கச் சிறு நகரங்களில் உயர்நிலைப் பள்ளியின் சின்னந்தான் ஊரின் சின்னமும். வெள்ளிக்கிழமை ராத்திரி கால்பந்து ஆட்டத்துக்கு ஊரே கூடும். அங்கே நீண்ட காலம் 'இந்தியன்', 'போர்வீரன்', 'செந்தோலன்' என்று பூர்வகுடிகளின் பெயரும் தலையும் சின்னமாக இருந்தன. பல பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன. யாரை நிலத்தைவிட்டுத் துரத்தினார்களோ அவர்களுடைய இறகை மாட்டிக்கொண்டு துரத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் குதிப்பது. 'நாங்கள் அவர்களை கௌரவிக்கிறோம்' என்பது எப்போதும் சொல்லப்படுகிற பதில். 1972இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அந்தச் சின்னத்தைக் கைவிட்டது. 2019இல் மெய்ன் மாநிலம் பொதுப் பள்ளிகளில் இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2020இல் வாஷிங்டன் கால்பந்து அணி பழைய பெயரை விட்டது. 2025இல் அதிபர் ட்ரம்ப் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். பூர்வகுடிகள் கேட்டது சின்ன விஷயந்தான்: நாங்கள் உயிரோடு இருக்கிறோம், எங்களை பொம்மையாக்காதீர்கள்.

நம்மிடம் நடப்பது இதற்கு நேரெதிர் போலத் தெரியும். அங்கே தோற்கடிக்கப்பட்ட மற்றவன் சின்னம். இங்கே ஜெயித்த ராஜா சின்னம். நம் ராஜாவைத்தானே நாம் சுமக்கிறோம், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் 'நாம்' என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது. ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களை எண்ணும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றும் எண்ணுகிறார்கள். தீண்டாச்சேரியில் இருந்தவனின் வழிவந்த பிள்ளையும் இன்று மஞ்சள் பனியன் போட்டுப் புலியைத் தூக்குகிறது. இதைப் பேசினால் என்ன ஆகும்? 2019 ஜூனில் இயக்குநர் பா. ரஞ்சித் ராஜராஜன் காலத்து நிலப்பறிப்பைப் பற்றித் தஞ்சைப் பகுதிக் கூட்டம் ஒன்றில் பேசியதற்கு அவர்மேல் வழக்குப் போட்டார்கள். செத்து ஆயிரம் வருஷமான ராஜாவுக்கு மானம் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சாதிச் சங்கங்கள் அவனை 'எங்கள் ஆள்' என்று சுவரொட்டி ஒட்டுகின்றன. என் அக்கா மகளிடம் புலி கேட்ட பையன் வானத்திலிருந்து குதிக்கவில்லை. சுவரொட்டி படித்திருக்கிறான்.

நம் ஊருக்கே இதில் ஒரு பங்குண்டு. 1989 செப்டம்பரில் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தபோது ஒரு பாதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், மறுபாதிக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பெயர். ஒரு பக்கம் அம்பேத்கர், ஒரு பக்கம் சம்புவராயர். எந்தப் பெயரை எந்தச் சாதியின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள் என்று இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறகு 1997இல் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதி, தலித். ஆதிக்கச் சாதிகள் எதிர்த்துக் கிளம்பித் தென்மாவட்டங்களில் கலவரமானது. முடிவாக, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் எல்லா மாவட்டங்களுக்கும் இருந்த பெயர்களை அரசு எடுத்துவிட்டது. பல்லவன் போனான், பாண்டியன் போனான், அம்பேத்கரும் சம்புவராயரும் போனார்கள். இருபத்தைந்து வருஷம் ராஜாக்கள் பேருந்தில் போனபோது அது 'பொது'. ஒரு தலித் வீரன் ஏறியதும் அது 'சாதி'. அவனை இறக்க வண்டியையே நிறுத்தினார்கள். இதை 'சமத்துவம்' என்று சொல்லிக்கொண்டோம். பேருந்தை விட்டு இறங்கிய ராஜாக்கள் பள்ளிக்கூட மைதானத்தில் மட்டும் மிச்சமிருக்கிறார்கள்.

நிறங்களும் அப்படித்தான். தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டி வருவதைப் பற்றிப் பள்ளிக் கல்வித்துறை 2019இல் சுற்றறிக்கை விட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று அதில் வரும் நிறங்களைப் பாருங்கள். காவி நீங்கலாக மற்றதெல்லாம் ஹவுஸ் நிறங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்கச் சொன்னது. பள்ளிகளின் பெயரில் இருக்கும் சாதிச் சொற்களையும் எடுக்கச் சொன்னது. நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கயிறு ஒரு குறிப்பான். அதை அறுத்தால் குறிக்கப்பட்டது வேறொன்றில் போய் உட்காரும். புலியில் உட்காரும், மஞ்சள் பனியனில் உட்காரும். வெறுமையான சின்னம் ஒன்றைக் குழந்தைக்குக் கொடுத்தால் சாதி கரைந்துவிடும் என்பது கெட்டிக்காரத்தனமான நம்பிக்கை. வெறுமை இங்கே அதிக நேரம் வெறுமையாக இருப்பதில்லை.

அரசுப் பள்ளிகளில் 2024இல் 'மகிழ் முற்றம்' என்று ஒரு குழு முறையைக் கொண்டுவந்தார்கள். ராஜாக்கள் இல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்குக் குஷிதான். ராஜா போய் நிலம் வந்தது. கொலைக்குப் பதில் பூ. ஆனால் வகுப்பில் பாடம் எடுத்த பழக்கத்தில் நம்பியகப்பொருளைப் புரட்டினேன். தொல்காப்பியம் கருப்பொருளைத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று எண்ணிப் போகும். நாற்கவிராச நம்பி அதைப் பதினாலாக்கியபோது சேர்த்த புது உருப்படிகளில் இரண்டு: உயர்ந்தோர், அல்லோர். குறிஞ்சியில் வெற்பன் உயர்ந்தவன், குறவரும் கானவரும் அல்லோர். மருதத்தில் ஊரன் உயர்ந்தவன், உழவரும் கடையரும் அல்லோர். பாலையில் எயினரும் மறவரும் அல்லோர். பூவுக்கும் பறவைக்கும் நடுவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது ஏற்றத்தாழ்வு. திணை என்பது களங்கமற்ற இயற்கை என்று நம்மில் பலர் பேசிக்கொண்டு திரிகிறோம். 'பாலை' குழுவுக்குப் போன பிள்ளை ஆசிரியரிடம் 'எங்க ஜனங்க யாரு சார்' என்று கேட்டால் அவர் எந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுவார்? ராஜாக்களைவிடத் திணை மேல். இருந்தாலும் காலி நிலம் அல்ல.

சரி, வேறு என்னதான் வைப்பது என்று கேட்பீர்கள். நான் சின்னம் வைக்கும் ஆள் இல்லை. ஆனால் நம் நடுநாட்டிலேயே இரண்டு கல் இருக்கிறது. விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்கு எழுப்பிய நடுகல். தமிழ் எழுத்துகள் வட்டெழுத்தை நோக்கி நெளியத் தொடங்கிய காலத்தது. முகையூரின் மேற்சேரிக் கோழி என்று அது தன் சேரியோடு சேர்த்துப் பெயர் சொல்கிறது. அன்றைக்குச் 'சேரி' என்றால் ஊரின் ஒரு பகுதி, அவ்வளவுதான். மதுராந்தகம் பக்கம் இந்தளூரில் இன்னொரு சேவல், அது கீழ்ச்சேரிக்காரச் சேவல். மேற்சேரி, கீழ்ச்சேரி! இதுதான் ஐயா நம் பழைய 'ஹவுஸ்'. ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். அந்தச் சேவல் யாருக்கும் குறியீடு இல்லை. அதுவே களத்தில் இறங்கியது, அதுவே செத்தது, அதற்கே கல்.

மற்றது இன்னும் பக்கம். தொல்லியல் துறை 1972இல் நாகசாமி பதிப்பில் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பில் எடுத்தனூர்க் கல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காகச் செத்தான். பசுகூட இல்லை, எருமை. அவன் காலடியில் ஒரு நாய். கோவிவன் என்கிற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். பல்லவனுடைய காளை முத்திரை எத்தனையோ செப்பேட்டில் இருக்கிறது. அந்தக் காளைக்குப் பெயர் இல்லை. கோவிவனுக்குப் பெயர் உண்டு. இதையும் பொற்காலமாக்க வேண்டாம். அந்த வீரர்கள் எந்தெந்தச் சிற்றரசனின் சேவகர்கள் என்பதும் அந்தக் கற்களிலேயே இருக்கிறது. மாடு பிடிச் சண்டை என்பது யாரோ ஒருவனின் சொத்துச் சண்டை. ஆனால் அமெரிக்கன் தான் தோற்கடித்தவனை மாட்டிக்கொள்கிறான், நாம் தன்னை ஆண்டவனை மாட்டிக்கொள்கிறோம், எடுத்தனூர்க்காரன் தன்னோடு செத்தவனுக்கும் தன் மந்தையைக் காத்த நாய்க்கும் கல் வைத்தான். மூன்றும் ஒன்றல்ல.

பத்து வரி எழுதிக் கொடுத்தேன். கயல் என்பது ஆற்று மீன், பாண்டியர் காசுகளில் இருக்கிறது, கொற்கை முத்து, இத்யாதி. கடைசி வரியாக, பாண்டியர் என்பது ஒரு சாதியின் பெயரல்ல, நாம் பாண்டியரும் அல்ல, இது ஒரு விளையாட்டுக் குழுவின் பெயர் என்று எழுதினேன். மிஸ் அந்த வரியை அடித்துவிட்டு 'தமிழரின் வீரத்தைப் பறைசாற்றுகிறது' என்று மாற்றிவிட்டாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதாத வரியால் யாருக்கும் வேலை போவதில்லை.

விழா முடிந்து வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். நூறு மீட்டரில் மூன்றாவது. கையில் ரிப்பன் கட்டக்கூடாது என்று இந்த வருஷம் பச்சை பேட்ஜ் குத்தினார்களாம். "மீனுக்குப் பின்னாடி நான் கோவிவன வரைஞ்சிருந்தேன் மாமா. நாயி எந்த ஹவுசுன்னு மிஸ் கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"எந்த ஹவுசும் இல்ல மிஸ், எடுத்தனூருன்னேன்."